கொம்பு இல்லாத யானை சொல்லும் கணக்கு

(சிவில் மூன்றாமாண்டு மாணவன், அன்னூர்)

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்ற பழமொழி நம் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயசில் இதைக் கேட்டபோது, யானைக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்றுதான் நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்துப் பார்த்தால், யானைக்கு வந்த கேடே அந்த இரண்டாவது ஆயிரம் பொன்னால்தான் என்று தெரிகிறது.

அன்பு நண்பர்களே! சிவில் படிக்கிற பையனுக்கு யானையைப் பற்றி என்ன எழுத வேண்டியிருக்கிறது என்று கேட்பீர்கள். கட்டுரையின் கடைசியில் பதில் இருக்கிறது. அதுவரை கொஞ்சம் பொறுமையாக என்னோடு வாருங்கள்.

2023 பிப்ரவரியில் நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது நம் மாவட்டம் முழுக்க ஒரே பேச்சு, மக்னா யானை! தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் பயிர்களைச் சேதப்படுத்திய ஒரு மக்னாவை வனத்துறையினர் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி, ஆனைமலைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கு அந்தக் காடு பிடிக்கவில்லை. கீழே இறங்கி, பொள்ளாச்சி, கிணத்துக்கடவு என்று ஊர் ஊராக நடந்து கோவை நகரத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டது. பேரூர் பக்கம் மறுபடியும் பிடித்து ஆனைமலைக் காட்டுக்கே கொண்டுபோனார்கள். ஜூலை கடைசியில் மூன்றாவது முறையாகவும் பிடிக்க வேண்டி வந்தது.

இந்தச் செய்தியை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அப்பாரு கேட்டார்: "மக்னான்னா என்ன சாமி?"

"கொம்பில்லாத ஆம்பளை யானைங்க, அப்பாரு."

"நம்ம மோழை மாட்டாட்டவா? அது எப்புடி ஆம்பளை யானைக்குக் கொம்பில்லாமப் போகும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பத்தாவது வரைக்கும் போனதே நான்தான். எனக்கே தெரியவில்லை என்றால் அந்த வீட்டில் வேறு யாரைக் கேட்பது? அன்றைக்கு மனசில் விழுந்த கேள்விக்குப் பாலிடெக்னிக் வந்த பிறகு நூலகத்தில் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தேடத் தேட ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. கேள்வி கேட்ட அப்பாருக்கே பாதிப் பதில் தெரிந்திருந்தது! பேர்தான் வேறு.

நல்லதை விற்றால் நோஞ்சான்தான்!

எங்கள் அப்பா விசைத்தறிக்குப் போகிறார். அம்மா தோட்ட வேலைக்கு. அப்பாருதான் ஆட்டுப்பட்டியைப் பார்த்துக்கொள்கிறார். எல்லாம் சேர்த்தால் முப்பது உருப்படி தேறும். 2023இல் எனக்கு இங்கே இடம் கிடைத்தபோது ஃபீஸ், பஸ், மினி டிராஃப்டர், யூனிபாரம் என்று கையில் இருந்த காசு பத்தவில்லை. பட்டியிலேயே நல்ல கிடாய் ஒன்றைச் சந்தைக்கு ஓட்டினார்கள். அடுத்த வருஷமும் அதே கதை. அதற்கடுத்த வருஷமும் அதே கதை. வியாபாரி பட்டிக்குள் வந்தால் பெரிசாக, எடை கட்டுகிற கிடாய் மேல்தான் கை வைப்பார். மெலிந்ததை யார் கேட்கிறார்கள்? மெலிந்தது பட்டியிலேயே நின்றது. அதுவே பொலிகிடாய் ஆனது.

போன வருஷம் பிறந்த குட்டிகளைப் பார்த்துவிட்டு அப்பாரு சொன்னார்: "நல்லதையெல்லாம் வித்துப்போட்டு நோஞ்சானை வெச்சிருந்தா நோஞ்சான்தாஞ் சாமி பொறக்கும்." மழை இல்லாததும் தீவனம் குறைந்ததும்கூடக் காரணமாக இருக்கலாம். ஆனால் அப்பாரு சொன்னது உயிரியல் புத்தகத்தில் இருக்கிற விஷயம். அதற்குத் 'தேர்வு' என்று பேர். அடுத்த தலைமுறைக்கு எந்த ஜீன் போக வேண்டும், எது போகக் கூடாது என்று ஏதோ ஒன்று பொறுக்கி எடுக்கிறது. காட்டில் அந்தப் பொறுக்குகிற வேலையை வறட்சியும் புலியும் நோயும் செய்துகொண்டிருந்தன. பிறகு மனிதன் உள்ளே புகுந்தான்.

கனடாவில் ராம் மவுண்டன் என்ற மலையில் பெரிய கொம்புள்ள காட்டுச் செம்மறிகள் இருக்கின்றன. வேட்டைக்காரர்கள் சுவரில் மாட்டுவதற்காகப் பெரிய கொம்புக் கிடாய்களையே தேடித் தேடிச் சுட்டார்கள். சுமார் 30 வருஷக் கணக்கைப் பார்த்து 2003இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அங்கே கிடாய்களின் கொம்பும் சிறுத்தது, உடம்பும் சிறுத்தது! அன்னூர்ப் பட்டியில் வியாபாரி செய்ததைக் கனடா மலையில் துப்பாக்கி செய்திருக்கிறது.

யானைக்கும் இதே கதைதான். யானையின் கொம்பு என்று நாம் சொல்வது உண்மையில் கொம்பே அல்ல, பல்! மேல்தாடையின் வெட்டுப்பல்தான் அப்படி நீண்டு வெளியே வருகிறது. ஆப்பிரிக்காவில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு. மொசாம்பிக் நாட்டில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். கொரொங்கோசா என்ற காட்டில் இரண்டு தரப்பும் தந்தத்துக்காக யானைகளைச் சுட்டுத் தள்ளின. 90 சதவீதத்துக்கு மேல் யானைகள் அழிந்தன. போருக்கு முன்னால் அங்கே பெண் யானைகளில் 18.5 சதவீதம்தான் தந்தமில்லாதவை. போருக்குப் பிறகு அது 50.9 சதவீதம்! தந்தம் இல்லாததைச் சுட்டு யாருக்கு என்ன லாபம்? அதனால் அவை பிழைத்தன, குட்டி போட்டன. போர் முடிந்த பிறகு பிறந்த பெண் யானைகளிலேயே மூன்றில் ஒன்றுக்குத் தந்தம் முளைக்கவில்லை. 2021இல் வெளிவந்த ஆய்வு, இந்தக் குணம் எக்ஸ் குரோமோசோம் வழியாகத் தாயிடமிருந்து போகிறது என்று காட்டியது. அதை வாங்கிக்கொண்ட ஆண் கன்று கருவிலேயே செத்துவிடுகிறது. அதனால்தான் அங்கே தந்தமில்லாத ஆண் யானையைப் பார்ப்பது அரிது.

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கி எந்த யானையின் ஜீனையும் மாற்றவில்லை. யாருடைய ஜீன் அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பதைத்தான் மாற்றியது.

நம் ஆசிய யானையில் வேறு மாதிரி. பெண்ணுக்குத் தந்தம் கிடையாது, சில பெண் யானைகளுக்கு வாய் ஓரத்தில் சின்னதாக எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். ஆணிலே கொம்பன், மக்னா என்று இரண்டு வகை. மக்னாவாகப் பிறந்தால் உயிருக்கு ஒன்றும் ஆபத்து இல்லை. கொம்பனுக்கு ஈடாகச் சண்டை போடும், மதம் பிடிக்கும், குட்டிக்கும் தகப்பன் ஆகும். தென்னிந்தியக் காடுகளில் ஆண் யானைகளில் பெரும்பாலானவை கொம்பன்கள்தான். ஆனால் கடலைத் தாண்டி இலங்கைக்குப் போனால் கணக்கு தலைகீழ்! 2011 கணக்கெடுப்பில் அங்கே இருந்த 5,879 யானைகளில் தந்தமுள்ளவை 122 மட்டுமே. நூற்றாண்டுக் கணக்கில் கொம்பன்களையே பிடித்துக் கப்பலேற்றினார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் விளையாட்டாகவும் சுட்டார்கள். மேஜர் ராஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி 1,400 யானைகளுக்கு மேல் கொன்றதாகச் சொல்கிறார்கள். இலங்கையில் கொம்பன் குறைந்ததற்கு மனிதன் கை எவ்வளவு, இயற்கையின் கை எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் விவாதம் உண்டு. மனிதன் கை அதில் இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

நூற்றுக்கு ஒரு மாப்பிள்ளை!

அப்படியானால் நம் காட்டுக் கொம்பன்கள் தப்பித்தனவா என்றால், அதுதான் இல்லை. 1970களிலும் 80களிலும் சத்தியமங்கலம் காட்டிலும் கேரளக் காடுகளிலும் தந்தத்துக்காக நடந்த வேட்டையை நம் அப்பா வயசுக்காரர்கள் நன்றாக அறிவார்கள். வீரப்பன் என்ற பேரே முதலில் தந்தத்தோடு சேர்ந்துதான் வெளியே வந்தது. நம் பக்கம் பெண்ணுக்குத் தந்தம் இல்லாததால் ஆணை மட்டுமே சுட்டார்கள். விளைவு? பெரியார் காட்டில் 1990களில் வளர்ந்த ஆண் ஒன்றுக்கு வளர்ந்த பெண் யானைகள் சுமார் நூறு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

'நூறு பெண் யானை இருக்கிறதே, குட்டி போட்டுப் பெருகாதா?' என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு கணக்கு வருகிறது. நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களுக்கு மிகவும் சுலபமான ஃபார்முலா:

பயன்படும் எண்ணிக்கை = 4 × ஆண் × பெண் ÷ (ஆண் + பெண்)

ஜீன் கணக்கில் ஒரு கூட்டம் உண்மையில் எத்தனை யானைக்குச் சமம் என்பதை இது சொல்லும். ஆண் 50, பெண் 50 இருந்தால் 4 × 50 × 50 ÷ 100 = 100. நூறும் நூறுதான். ஆண் 20, பெண் 80 என்றால் 64. ஆண் 1, பெண் 100 என்றால்? 400 ÷ 101 = 3.96. நண்பர்களே, கால்குலேட்டரில் நான் இதை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். கண்ணுக்கு 101 யானை தெரிகிறது. ஜீன் கணக்கில் நான்கு யானைகூட இல்லை!

ஏன் அப்படி? அந்தக் காட்டில் பிறக்கிற எல்லாக் கன்றுக்கும் தகப்பன் ஒன்றே. அடுத்த தலைமுறை முழுக்க அண்ணன் தங்கைதான். எங்கள் கொங்குப் பக்கத்தில் ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். "அவங்க நமக்குப் பங்காளி" என்று சொல்லி அதோடு பேச்சை முடித்துவிடுவார்கள். யானைக்கும் இந்த வழக்கம் உண்டு. ஆண் கன்று வயசுக்கு வந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வெளியே போய்விடும். ஆனால் போகிற இடமெல்லாம் தன் தகப்பன் பெற்ற பிள்ளைகளாகவே இருந்தால் அது என்ன செய்யும்?

ஒவ்வொரு உயிரிலும் பழுதான ஜீன்கள் சில ஒளிந்திருக்கும். தாய் தகப்பன் இரண்டு பக்கமும் ஒரே பழுது வந்து சேர்ந்தால்தான் அது வெளியே தலை காட்டும். சொந்தத்துக்குள்ளேயே கலந்துகொண்டிருந்தால் அந்த வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். புதிதாக ஒரு நோய் வந்தால் எதிர்த்து நிற்க விதவிதமான ஜீன் வேண்டும். அந்த விதவிதம்தான் முதலில் போகும். கணக்கெடுப்பில் தலை எண்ணிக்கை கூடலாம், வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே சேமிப்பு கரைந்துகொண்டிருக்கும்.

கிடாய் மாற்றுகிற வழி

அப்பாரு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பக்கத்து ஊர்ப் பட்டிக்குப் போய், தன் கிடாயைக் கொடுத்துவிட்டு அவர்கள் கிடாயை ஓட்டி வருவார். "ஒரே கிடாய் நின்னா பட்டி வெளங்காது" என்பார். ஜீன் ஓட்டம் என்ற வார்த்தை அவருக்குத் தெரியாது. ஆனால் அதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார்.

யானைக்குக் கிடாய் மாற்றிவிட ஆள் இல்லை. ஆண் யானை தானே நடந்து அடுத்த காட்டுக்குப் போக வேண்டும். அதற்கு வழி வேண்டும். அந்த வழியில் என்ன இருக்கிறது? நம் கோவை மாவட்டத்தையே பாருங்கள். வாளையாறு, மதுக்கரை, போளுவாம்பட்டி, தடாகம், பெரியநாயக்கன்பாளையம், கல்லாறு, சிறுமுகை, அதற்கு அப்பால் சத்தியமங்கலம் என்று மலையடிவாரத்தையே ஒட்டி யானை நடக்கும். அன்னூரிலிருந்து சிறுமுகை கூப்பிடு தூரம்தான். அந்தப் பக்கம் வாழை போட்டவர்களுக்கு யானை ஒன்றும் புதுசில்லை. மேட்டுப்பாளையத்துக்கு மேலே கல்லாற்றில் அந்த வழி மிகவும் குறுகி, ஊட்டி ரோடு, மலை ரயில் பாதை, தோட்டம், கட்டிடம் எல்லாவற்றுக்கும் நடுவில் புகுந்து போகிறது. தடாகத்தில் செம்மண் தோண்டிய குழிகளும் செங்கல் சூளைகளும் யானை வழியில் இருந்தன. சூளைகள் 2021இல் மூடப்பட்டன. மதுக்கரைக்கும் வாளையாறுக்கும் நடுவில் ரயில் பாதை. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே ரயிலில் மூன்று யானைகள் அடிபட்டுச் செத்தன.

வழி அடைபட்டால் ஜீனுக்கு என்ன ஆகும் என்பதைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமார் உள்ளிட்டவர்கள் ஆராய்ந்தார்கள். யானையைத் தொடவே வேண்டாம், சாணம் போதும்! சாணத்தின் மேல்பூச்சில் குடலின் செல்கள் ஒட்டிக்கொண்டு வரும், அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்துவிடலாம். 2005இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கத்து யானைகளும், தெற்கே ஆனைமலை, பெரியார் யானைகளும் ஜீனில் வேறு வேறு என்று காட்டியது. 2024இல் பெங்களூர் விஞ்ஞானிகள் முழு டி.என்.ஏ.வையும் படித்து, தெற்கே மட்டும் மூன்று தனித்தனிக் கூட்டங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே ஒன்று. கடைசிக் கூட்டத்தில் 150 யானைகள்கூட இல்லை. ஜீன் வகை குறைந்து, சொந்தத்துக்குள்ளேயே கலந்த அடையாளம் அதிலே தெரிகிறது.

கணவாயை வெட்டியது மனிதன் அல்ல, இயற்கைதான். பிரிவும் பழையதுதான். ஆனால் எப்போதாவது ஒரு ஆண் யானை தாண்டிப் போகக் கூடிய கோடாக இருந்ததை நாம் நாலு வழிச் சாலையும் தண்டவாளமும் நகரமும் வைத்துச் சுவராக்கிவிட்டோம்.

இப்போது அந்தப் பாலக்கோடு மக்னாவை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். அது கணவாய்க்கு வடக்கே பிறந்த யானை. லாரியில் ஏற்றித் தெற்கே விட்டோம். அதே 2023 ஜூனில் கம்பத்துக்குள் புகுந்த அரிக்கொம்பனைப் பிடித்து களக்காடு முண்டந்துறையில் விட்டார்கள். மூணாறு பக்கத்து யானை, செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி, அந்த 150க்கும் குறைந்த கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது! சனங்களைக் காப்பாற்றத்தான் இதைச் செய்தார்கள், குற்றம் சொல்வதற்கில்லை. புது ரத்தம் சின்னக் கூட்டத்துக்கு நல்லது செய்யலாம். ரொம்ப காலம் பிரிந்திருந்த இரண்டு வம்சத்தை யோசிக்காமல் கலப்பது வேறு வினையையும் கொண்டு வரலாம். ஆனால் ஒன்று பாருங்கள், யானைக்குச் சம்பந்தம் பேசுகிற வேலையை நாம் கையில் எடுத்துவிட்டோம். லாரியை எங்கே நிறுத்துகிறோம் என்பதே ஜீன் முடிவு ஆகிவிட்டது. அப்பாரு ஒரு கிடாயை மாற்ற நாலு பட்டி ஏறி இறங்கிப் பார்ப்பார். நாமும் கொஞ்சம் பார்த்துச் செய்ய வேண்டாமா?

சிவில்காரனுக்கு இதில் என்ன?

நிலைமை முழுக்க இருட்டு என்று சொல்லமாட்டேன். 1977 முதல் யானைக்குச் சட்டத்தில் உச்சகட்டப் பாதுகாப்பு. 1989இல் உலக அளவில் தந்த வியாபாரத்துக்குத் தடை விதிக்க முடிவானது. 2020இல் நீலகிரி சீகூர் யானை வழித்தடத்தைக் காப்பாற்றும் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் கொடுத்தது. 2025இல் வெளியான அகில இந்தியக் கணக்கு முதல் தடவையாக டி.என்.ஏ. முறையில் எடுக்கப்பட்டது. 21,056 சாண மாதிரிகளைச் சேகரித்து, நாட்டில் 22,446 யானைகள் என்று மதிப்பிட்டார்கள். மதுக்கரைப் பக்கம் ரயில் பாதைக்குக் கீழே யானை நடக்கச் சுரங்கப்பாதை கட்டியிருக்கிறார்கள். தண்டவாளத்தை யானை நெருங்கினால் கேமரா கண்டுபிடித்து எச்சரிக்கிற ஏற்பாடு 2024 பிப்ரவரியில் வந்தது.

சுரங்கப்பாதை என்றேனே, அதை வரைந்தது யார்? நம்மைப் போல் டிராஃப்டர் பிடித்த ஒருவர்தானே! நாளைக்கு நம்மில் எத்தனையோ பேர் ரோடு வேலையிலும் ரயில்வேயிலும் காண்ட்ராக்டரிடமும் சூப்பர்வைசராக நிற்கப் போகிறோம். காம்பவுண்டுச் சுவர் எங்கே வரவேண்டும், ஓடைக்கு மேல் வைக்கிற பாலத்தின் அகலம் எத்தனை மீட்டர் என்று பிளானில் கோடு போடப் போவது நாம்தான். அந்த ஓடை யானை வருகிற தடமா என்று அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்க ஐந்து நிமிஷம் போதும். சுவரை ஐம்பது அடி தள்ளிப் போட்டால் ஒரு கொம்பன் அடுத்த காட்டுக்குப் போய் வரும். அதனால் மிச்சமாகிற வம்சத்துக்கு எந்த எஸ்டிமேட்டிலும் ரேட் கிடையாது.

இந்த வருஷம் பட்டியில் ஒரு கிடாய்க்குட்டி நன்றாகத் திரண்டு நிற்கிறது. கடைசி செமஸ்டருக்குப் பணம் கட்ட வேண்டிய சமயத்தில் வியாபாரி வந்து அதைத்தான் கேட்டார். அப்பாரு கொடுக்கவில்லை. அப்பா தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டினார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. "ஏன் அப்பாரு, அதைக் கொடுத்திருக்கலாமுங்களே?" என்றேன்.

"மூணு கிடாய் உனக்குக் குடுத்தாச்சு கண்ணு. இது பட்டிக்கு" என்றார்.

எங்கள் பட்டியின் மூன்று நல்ல கிடாய்கள் என் படிப்பில் இருக்கின்றன. அதற்குத் திருப்பிக் கொடுக்கிற கடன் எனக்கு இருக்கிறது. காட்டிலிருந்து நல்லதையெல்லாம் எடுத்துக்கொண்ட நமக்கும் அந்தக் கடன் இருக்கிறது. இனியாவது காட்டுக்குச் சேர வேண்டியதைக் காட்டுக்கு விடுவோம், அது நடக்கிற வழியையும் விடுவோம்!